ஜெனீவா பே கல்லூரியில் ஏஞ்சலம்மாள் சொன்ன சாட்சி

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு கட்டடம் வரும். கீழே நகைக்கடை, முதல் மாடியில் பல் டாக்டர், அதற்கு மேலே கல்யாண ஆல்பம் போடுகிறவர். அவருக்கும் மேலே ஜெனீவா பே இன்ஸ்டிடியூட் ஆஃப் குளோபல் லீடர்ஷிப். ஜெனீவாவில் கடலே கிடையாதே, பே என்கிற விரிகுடா எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவன் வகுப்பில் கேட்டுவிட்டான். "இல்லாததைப் பார்க்கிறவன்தான் லீடர்" என்று டைரக்டர் பதில் சொன்னார். அந்த செமஸ்டரில் 'தொலைநோக்கு' என்ற பாடத்தில் அவனுக்கு மார்க் குறைந்தது.

டேனி அந்த மாணவன் இல்லை. அவன் எதையும் கேட்காதவன். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் தோல் பை தைக்கிற தனசீலனுக்கும் ஏஞ்சலம்மாளுக்கும் மூத்த பிள்ளை. தனசீலனின் பட்டறையில் முன்பு இரண்டு தையல் மெஷின்கள் இருந்தன. அவற்றில் ஒன்று விற்கப்பட்டு டேனியின் படிப்பாக மாறியது.

"மெஷின் போனா என்னல, மெஷின் மாதிரி நீ சம்பாரிச்சிப் போட மாட்டியா" என்றார் தனசீலன்.

படிப்பைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. விலை கூடினது நல்லது. அவரே தினமும் உள்ளூர்த் தோலில் பை தைத்து, அதன்மேல் இத்தாலி ஊர்ப் பெயர் போட்ட லேபிளை ஒட்டித் தைக்கிறவர்தான். லேபிள் ஏறியதும் பை எந்தக் கடைக்குப் போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பதும் தெரிந்தவர்தான். ஆனால் அது பை. இது காலேஜ் அல்லவா.

ஜெனீவா பேயில் படிப்பு மும்முரமாக நடந்தது. மும்பையின் மே மாதத்தில் எல்லோரும் கறுப்புக் கோட்டு அணிந்து வந்தார்கள். கோட்டோடு சந்தில் நடந்துபோன டேனியை, எந்தக் கல்யாணத்தில் பேண்டு வாசிக்கிறாய் என்று இந்தியில் விசாரித்தார்கள். தலைமைப் பண்பைக் கற்றுத்தரும் கல்லூரி என்பதால் வகுப்பில் அத்தனை பேரும் லீடர்கள். போர்டை அழிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. சர்வதேச அனுபவம் என்ற பாடத்துக்காக விமான நிலையத்துக்கு அழைத்துப்போய், கண்ணாடிக்கு வெளியே நிற்கவைத்து, வெளிநாடு போகிறவர்களைக் காட்டினார்கள். தொழிற்சாலைப் பார்வை என்ற பாடத்துக்குத் தனிக் கட்டணம் வசூலித்துப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் சயன் வழியாகத் திரும்பித் தாராவிக்குள் நுழைந்தது. வழிகாட்டி அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது தனசீலனின் பட்டறையில். அவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். டேனி எழுதிக் கொடுத்த அறிக்கைக்கு, 'களத்தைப் பற்றிய நேரடி அறிவு போதவில்லை' என்று குறிப்பு வந்தது.

படித்து முடித்ததும் வேலை. நூறு சதவீதம் வேலை உறுதி என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள்; கல்லூரி சொன்ன சொல் தவறவில்லை. வெளியே யாரும் எடுக்காத மாணவர்களைக் கல்லூரியே எடுத்துக்கொண்டது. வேலை கிடைத்தவர்கள் வரவேற்பறையில் தொங்கும் பித்தளை மணியை அடிக்க வேண்டும். டேனியும் அடித்தான். அவனுடைய பதவியின் பெயர் 'கனவு ஒருங்கிணைப்பாளர்'. தாராவி, சுனாபட்டி, பாண்டுப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குப் போன் செய்து, பிள்ளைகளை ஜெனீவா பேயில் சேர்க்கச் சொல்வது வேலை. போதுமான சீட் பிடித்துத் தந்தால் வேலை நிரந்தரம்.

நிரந்தரத்துக்கு இன்னும் ஒரே ஒரு சீட் பாக்கியிருந்தபோதுதான் தங்கை கிளாரா பன்னிரண்டாம் வகுப்புத் தேறினாள்.

கிளாரா யாரையும் கேட்காமல் மாட்டுங்காவில் அரசு உதவி பெறும் ஒரு பழைய கல்லூரிக்கு மனு போட்டு, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்குப் பட்டியலில் பெயரும் வரவைத்துவிட்டாள். திங்கட்கிழமைக்குள் போய் உறுதிசெய்ய வேண்டும். ஃபீஸ் என்னவென்று சொன்னதும் தனசீலனின் முகம் தொங்கிப்போனது.

"அவ்வளவுதானா? ஏட்டி, அதுக்கு ஒரு நல்ல செருப்புகூட வராதே. அங்க என்னத்தச் சொல்லிக் குடுப்பான்?"

"எப்பா, அது கவர்மென்ட்டு காசு குடுக்குத காலேஜு. அதனாலதான் கம்மி."

"கவர்மென்ட்டு ரேஷன்லயுந்தான் அரிசி குடுக்கான்" என்றார் தனசீலன். கிளாராவையும் ஜெனீவா பேயில் சேர்த்துவிடுவது என்று முடிவுசெய்தார். பட்டறையில் மிச்சமிருந்த மெஷினைப் பார்க்கப் பக்கத்துச் சந்து இசக்கிப்பாண்டி வந்தார். ஓட்டிப் பார்த்தார், எண்ணெய் விட்டார், பிடித்திருக்கிறது என்றார். முன்பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கட்டித் தூக்கிப்போகக் கயிற்றையும் மெஷின் மேலேயே போட்டுவிட்டுப் போனார்.

கிளாரா அண்ணனைத் தனியாகப் பிடித்தாள். "அண்ணா, அப்பாட்ட நீ ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

டேனி சொல்லவில்லை. கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுத் தலைவி ஆஸியா மேடம் அன்று காலைதான் அவனிடம் கேட்டிருந்தார்: "சொந்தத் தங்கச்சிக்கு ஒரு சீட் விற்க முடியாதவன் ஊருக்கு என்ன விற்பான்?" கிளாராவிடம் அவன், "டென்ஷன் ஆவாத, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னான். அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெனீவா பே, செம்பூரில் ஒரு கல்யாண ஹாலை வாடகைக்குப் பிடித்துப் பெற்றோர் திருவிழா நடத்தியது. புதுப் பெற்றோர்களும் பழைய மாணவர்களின் பெற்றோர்களும் அழைக்கப்பட்டிருந்தார்கள். முடிவில் பிரியாணி உண்டு. மேடையில் ஒரு தாய் பேச வேண்டும் என்பது டைரக்டரின் விருப்பம்.

"அப்பா பேசினால் கணக்கு கேட்பார். அம்மா பேசினால் அழுவார், கேட்கிறவர்களும் அழுவார்கள்" என்று அவர் ஊழியர்களுக்கு விளக்கினார். "அழுத பெற்றோர் முன்பணம் கட்டாமல் போனதாக நம் கல்லூரி வரலாற்றில் இல்லை."

டேனி தன் அம்மாவின் பெயரைச் சொன்னான். அதில் தப்பில்லை. ஏஞ்சலம்மாளுக்கு மேடை புதிதல்ல. அவர்களுடைய சபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கர்த்தர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஏஞ்சலம்மாள் எழுந்தால் சபை நிமிர்ந்து உட்காரும். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோன கதையை அவள் சாட்சியாகச் சொன்னபோது பின் வரிசையில் ஆண்களே அழுதார்கள். சாட்சிக்கு முறை இருக்கிறது. பொய் கூடாது. முதலில் விழுந்த குழியை நன்றாக விவரிக்க வேண்டும். பட்ட பாடுகளுக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடுகள்தான் மனுஷனைப் பக்குவப்படுத்துகின்றன. ஒருவர் சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது. அவர் முடித்ததும், ஆவியானவர் ஏவினால், அடுத்தவர் எழுந்திருக்கலாம்.

"எம்மா, காலேஜப் பத்தி நல்லதா மட்டும் சொல்லு, என்னா?" என்றான் டேனி.

"நல்லதுதாம்ல சொல்லப் போறேன். அந்தக் காலேஜு நமக்குச் செஞ்ச நன்மை ஒண்ணா ரெண்டா."

டேனிக்கு உயிர் வந்தது.

விழாவில் முதலில் டைரக்டர் பேசினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறிப் பேசினார். "கல்வி ஒரு வியாபாரமா என்று கேட்கிறார்கள். இல்லை. வியாபாரத்தில் பொருள் சரியில்லை என்றால் திருப்பித் தரலாம். கல்வியைத் திருப்பித் தர முடியுமா? அதனால்தான் அது புனிதமானது." கைதட்டல் எழுந்தது. "எங்கள் டிகிரி விலை உயர்ந்தது என்கிறார்கள். சிரமப்பட்டு வாங்கினதைத்தான் மனிதன் மதிப்பான். நாங்கள் மாணவருக்கு மதிப்பைக் கற்றுத் தருகிறோம். சிரமத்தையும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்."

பிறகு ஏஞ்சலம்மாள் மைக்கின் முன்னால் வந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கடையில், ரயிலில், தண்ணீர்ச் சண்டையில் எல்லாம் இந்தி பேசுகிறவள்தான். சாட்சி என்றால் அவளுக்குத் தமிழ்தான் வரும். டைரக்டரின் காதோரம் நாற்காலி போட்டு டேனி உட்கார்ந்தான். ஆங்கிலத்தில் சொல்லித்தருவது அவன் பொறுப்பு.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மத்தவங்களுக்கு வணக்கம், சலாம்" என்று ஏஞ்சலம்மாள் தொடங்கினாள். "எம் மவன் டேனி இந்தக் காலேஜ்ல சேருததுக்கு முன்ன பெருமை பிடிச்ச பயலா இருந்தான். நான் யாரு தெரியுமான்னு திரிவான். இந்தக் காலேஜு அவன் பெருமைய அடிச்சி நொறுக்கிட்டு."

"என்ன சொல்கிறார்?" என்றார் டைரக்டர்.

"கல்லூரி என் மகனின் ஆளுமையையே மாற்றிவிட்டது என்கிறார், சார்."

"டிகிரிய வாங்கிட்டு அந்தேரிக்குப் போனான். நெருளுக்குப் போனான். போன எடத்துலலாம் இது எந்தக் காலேஜுன்னு கேக்காவ. ஒரு ஆபீஸ்ல, ஜெனீவாவுலயா தம்பி படிச்சன்னு சந்தோசமா கேட்டிருக்காவ. எம் பிள்ள பொய் சொல்லல. இல்ல சார், செம்பூர்லன்னு சொல்லிட்டான். உடனே அனுப்பிட்டாவ. அம்புட்டு உண்மையுள்ள பிள்ளையா ஆக்கி வச்சிருக்கு இந்தக் காலேஜு."

"நேர்மை. உலகளாவிய வாய்ப்புகள்" என்றான் டேனி.

"முன்னல்லாம் ஜெபம்னா ஓடிருவான். இப்ப இன்டர்வியூக்கு முன்ன முழங்கால்ல நிக்கான். வந்த பெறவும் நிக்கான். எங்க வீட்டுக்காரவ மட்டும் என்னவாம். பட்டறைல ரெண்டு மெஷின் ஓடுனப்ப குடும்ப ஜெபத்துக்கு வர மாட்டாவ, வேலை இருக்கும்பாவ. ஒரு மெஷின காலேஜுக்குக் குடுத்தப்புறம் வெளக்கு வச்சதும் வீட்டுக்கு வந்துருதாவ. வேலை இல்ல." மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "யோபு பக்தனுக்கு வந்த சோதனை மாதிரி, எங்க குடும்பத்துக்கு இந்தக் காலேஜு வந்துச்சி. இத நடத்துத அந்த சாரை நான் ஒருநாளும் சபிக்க மாட்டேன். எங்களப் புடம்போட வந்த நெருப்பு அவரு."

ஹாலில் பல பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஸ்தோத்திரம்" என்று ஒரு பகுதியிலிருந்து சத்தம் வந்தது. ஏஞ்சலம்மாள் தன்னை நோக்கிக் கை நீட்டியதைப் பார்த்த டைரக்டர் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

"என்னைப் பற்றி என்ன சொன்னார்?"

"ஒளி என்றார், சார்."

சபையாக இருந்தால் அடுத்தவர் எழுந்திருக்கும் நேரம் அது. எழுந்தார் சுனாபட்டி பிரம்மநாயகம். "நான் வேதக்காரன் இல்ல, கோயிலுக்குப் போறவன். இருந்தாலும் அந்த அம்மா சொன்னதக் கேட்டப்புறம் வாய மூடிட்டு இருக்க முடியல. எம் மவன் சுடலைக்கண்ணனும் இங்கதான் கோட்டு போட்டுப் படிச்சான். இப்ப கேட்டரிங்ல பரிமாறுதான். அங்க சொந்தமாக் கோட்டு வச்சிருக்க ஒரே ஆளு அவன்தான். அந்த மட்டுக்கும் காலேஜக் கொற சொல்லக் கூடாது."

அவர் உட்காருவதற்குள் மன்சூர் அலி எழுந்துவிட்டார். "எங்க ரஷீதா டிகிரிய கண்ணாடி போட்டு மாட்டிருக்கோம். மழைக்குச் சுவர்ல ஒழுகிட்டே இருந்த எடம் அது. இப்ப வீட்டுக்கு வாரவங்களுக்கு அந்தக் கறை தெரியறதில்ல. நல்லா கெட்டியான பிரேம்."

வரிசையாக எழுந்தார்கள். டேனி 'தொழில்முறைத் தோற்றம்', 'குடும்பத்தின் பெருமை' என்று மொழிபெயர்த்துக்கொண்டே போனான். டைரக்டர் ஹாலை இன்னும் கொஞ்ச நேரம் நீட்டிக்கச் சொல்லி ஆஸியா மேடத்துக்குச் சைகை காட்டினார். "காசு கொடுத்துக்கூட இப்படிப் பேசவைக்க முடியாது" என்றார். முயன்று பார்த்தவரின் அனுபவம் அந்தக் குரலில் இருந்தது.

தனசீலன் நடுவரிசையில் கிளாராவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரும் எல்லாவற்றையும் கேட்டார். இத்தனை பேர் இத்தனை நேரம் கண்ணீர் விட்டுப் பேசுகிறார்கள் என்றால் சாமானியமான காலேஜாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. எழுந்தார். வாசல் பக்கம் முன்பணம் வாங்க மேஜை போட்டிருந்தார்கள். சட்டைப் பையில் கையை விட்டபடி அதை நோக்கி நடந்தார்.

கிளாரா திரும்பி மேடையைப் பார்த்தாள். அழவில்லை, கையசைக்கவில்லை. சும்மா பார்த்தாள். மேஜைக்குப் பின்னாலிருந்து ஆஸியா மேடம் டேனியிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நிரந்தரம்.

டேனி எழுந்து மைக்கைப் பிடித்தான்.

"எனக்கும் ஒரு சாட்சி இருக்கு."

டைரக்டர் மகிழ்ச்சியோடு பக்கத்தில் திரும்பினார். நாற்காலி காலியாக இருந்தது. மொழிபெயர்க்க ஆளில்லை. பரவாயில்லை என்று அவரே கைதட்டித் தொடங்கிவைத்தார்.

"இங்க படிச்சதுக்கு எனக்குக் கிடைச்ச ஒரே வேல, இங்க படிக்க ஆளப் பிடிக்கிறதுதான்" என்றான் டேனி. "நான் பிடிக்கிற ஆளுக்கும் நாளைக்கு அதே வேலதான் குடுப்பாங்க. அவனும் ஆளப் பிடிக்கணும். இப்படியே போனா தாராவி, பாண்டுப், சுனாபட்டி பூரா மணி அடிச்சிருவோம். அதுக்கப்புறம் யாரப் பிடிக்க? எப்பா, நில்லுங்க. அந்த டேபிள்ள கட்டாதீங்க."

தனசீலன் நின்றார்.

"கிளாராவச் சேத்தா என் வேல பக்காவாயிரும். அதுக்குத்தான் இத்தன நாளும் வாயத் தொறக்காம இருந்தேன். மாட்டுங்கால அவளுக்குக் கிடைச்சது மார்க்குக்குக் கிடைச்ச சீட்டு. இங்க மெஷினுக்குத்தாம்ப்பா சீட்டு. நாளைக்குக் கடைசி நாளு. மெஷின விக்காதீங்க, அவளக் கூட்டிட்டுப் போங்க."

"ஏல, இத வீட்லயே சொல்ல வேண்டியதுதானல?" என்று தனசீலன் அங்கிருந்தே கேட்டார்.

"நீங்க குறுக்க பேசாதிய" என்று ஏஞ்சலம்மாள் மேடையின் ஓரத்திலிருந்து அதட்டினாள். "பிள்ள சாட்சி சொல்லுதான்லா."

"முடிஞ்சிட்டும்மா" என்றான் டேனி.

ஹால் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மேஜையருகே நின்றிருந்த பெற்றோர்கள் ஒவ்வொருவராக, ஏதோ ஞாபகம் வந்தவர்கள்போலப் பிரியாணி இருக்கும் பக்கம் நகர்ந்தார்கள். தனசீலனோடு விழாவுக்கு வந்திருந்த இசக்கிப்பாண்டி ஏற்கெனவே அங்கே தட்டோடு உட்கார்ந்திருந்தார். தனசீலன் போய் முன்பணத்தை அவர் சட்டைப் பையில் வைத்தார்.

"கயித்த நாளைக்குத் தந்துருதேன்" என்றார்.

"கயிறு கெடக்கட்டும்" என்றார் இசக்கிப்பாண்டி. "ஒக்காரும், சாப்பிடும்."

டைரக்டர் டேனியைத் தோளோடு அணைத்து ஓரமாக அழைத்துப்போனார். "கடைசியில் நீ என்ன பேசினாய்? அப்படி ஒரு அமைதியை நான் என் பேச்சுக்குக்கூடப் பார்த்ததில்லை."

டேனிக்குக் களைப்பாக இருந்தது. இட்டுக்கட்ட எதுவும் வரவில்லை. தான் சொன்னதை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னான். கையோடு அம்மா சொன்னதையும், கோட்டையும், ஒழுகல் கறையையும் சொல்லிவிட்டான். சொல்லி முடித்துவிட்டு, கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு காத்திருந்தான்.

டைரக்டர் அந்த டையை நேராக்கிவிட்டார்.

"உண்மை" என்றார் மெதுவாக. "இந்தத் தொழிலில் இதுவரை யாரும் முயன்று பார்க்காதது. நாளை காலையிலிருந்து நீ நிரந்தரம்."

"நாளைக்கு லீவு வேணும், சார். தங்கச்சியோட மாட்டுங்கா போறேன்."

"அந்தக் கல்லூரிக்கா? சேர அங்கே கூட்டம் வருமா?"

"கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நிப்பாங்க, சார்."

டைரக்டரின் கண்கள் மின்னின. "அப்படியென்றால் லீவு வேண்டாம், ஆன் டியூட்டி போட்டுக்கொள். அந்த கேட்டுக்கு எதிரே ஏதாவது மாடி வாடகைக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வா."

மறுநாள் காலை மாட்டுங்காவில் வரிசை நடைபாதை முழுக்க நீண்டிருந்தது. தனசீலன் கிளாராவின் பையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்றவரிடம், இவ்வளவு கம்மி ஃபீஸுக்கு இவ்வளவு கூட்டமா என்று இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கு நேர் எதிரே ஒரு புதுக் கட்டடம். கீழே நகைக்கடை. மூன்றாவது மாடியில், வாடகைக்கு விடப்படும் என்ற பலகை நல்ல பெரிய எழுத்தில் தொங்கியது. டேனி அதைப் படித்தான். போனை எடுத்தான். "இந்தப் பக்கம் எதுவுமே காலியாக இல்லை, சார்" என்று டைப் செய்து அனுப்பினான்.

வரிசை நகர்ந்தது. கிளாரா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.